ராயபுரத்துச் சந்தில் ரேஷன் அரிசிப் பந்தி

நான் கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். ஊரெல்லாம் அரிசித் தட்டுப்பாடு. கடைத்தெருவில் அரிசி இல்லாமல் இல்லை, ஆனால் எங்களால் வாங்கக்கூடிய விலையில் இல்லை. ரேஷன் கடையை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. என் பிறந்த வீடு எண்ணூரில் முகத்துவாரத்துப் பக்கம். அரிசி குறைகிற நாட்களில் நாங்களே பிடித்த நண்டோ இறாலோ வைத்து எப்படியோ ஒப்பேற்றிவிடுவோம். ராயபுரத்தில் அந்த வசதி கிடையாது. மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறை வீடு. என் கணவர் ஹார்பரில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டினார். வீட்டில் நாங்கள் மூன்று பேர், மூன்றாவது ஆள் என் மாமியார்.

மாமியாரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. குட்டையான உருவம், கனத்த குரல். ரயில்வேயில் வேலை பார்த்த மாமனார் போன பிறகு தனியாகப் பிள்ளையை வளர்த்தவர். சந்தில் எந்த வீட்டில் ஞானஸ்நானம், கல்யாணம் என்றாலும் சோறு வடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். குழம்பு, கறி எல்லாம் யார் வேண்டுமானாலும் வைக்கலாம், டேக்சா அண்டாவில் சோறு பொங்கி வடிப்பது அவர் கை. இலையில் விழுந்த சோறு குழைந்திருந்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால் அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வராது. சொன்னவரோடு ஒரு மாசம் பேசமாட்டார்.

அப்படிப்பட்டவர் கையில் அந்த வருஷம் வந்து சேர்ந்த அரிசியைப் பார்க்க வேண்டுமே! பழுப்பு நிறம். பையைப் பிரித்தாலே மழையில் நனைந்த கோணிச் சாக்கின் வாடை. கல், நெல், வண்டு, செத்த புழு எல்லாம் கலந்திருக்கும். உலையில் போட்டால் அந்த வாடை சந்து முழுக்கப் பரவும். ரேஷன் போட்ட மறுநாள் எங்கள் சந்துக்குள் நுழைகிற யாருக்கும் இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

என் கணவர் சாப்பாட்டு விஷயத்தில் வாய் திறக்கமாட்டார். ஆனால் ஒருநாள் ஹார்பரிலிருந்து வந்தவர் தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு கப்பல்லேர்ந்து கோதுமை எறக்கனோம். மணி மணியா கீது. அது எந்த வூட்டுக்குப் போவுதுன்னு தெரியல," என்றார். அவ்வளவுதான் சொன்னார். மாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது. பிள்ளை தன் சமையலைக் குறை சொல்கிறான் என்று அவர் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்கும் அந்த அரிசிக்கும் தனிப்பட்ட பகை.

கடையில் போய்க் கேட்டால் கடைக்காரர், "மூட்டை எப்படி வருதோ அப்படித்தாம்மா போடுறேன். நானா அரிசி விளைய வைக்கிறேன்?" என்பார். அவர் நல்லவரா கெட்டவரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நல்ல மூட்டையை வேறு பக்கம் தள்ளிவிடுகிறார் என்று பாதிப் பேர் சொன்னார்கள். அவர் வீட்டிலும் இதே அரிசிதான் வேகிறது என்று மீதிப் பேர் சொன்னார்கள். மனு எழுதிக் கொடுத்தோம். ஹார்பர் தொழிலாளர் சங்கத்தார் போய்ப் பேசினார்கள். பார்க்கிறோம் என்று பதில் வந்தது. அடுத்த ரேஷனுக்கும் அதே வாடை வந்தது.

எதிர் வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து, புளியந்தோப்பு வரைக்கும் கூடை சுமந்து விற்றுவிட்டு மத்தியானம் வீடு திரும்புவாள். வெற்றிலை போட்ட வாய், யாரையும் பார்த்துப் பயப்படாத கண். சந்தில் எல்லோரும் அவளை மீன்காரக்கா என்றுதான் கூப்பிடுவோம். என் மாமியாருக்கு நெருங்கிய சிநேகிதி, அதனால் தினமும் ஒரு சண்டை. என்னை அவள் "மருமவளே" என்று கூப்பிடுவாள், தன் சொந்த மருமகள் மாதிரி.

ஒருநாள் ரேஷன் கியூவில் நின்றுகொண்டிருந்தோம். முன்னால் ஒரு பெண் அரிசியை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். வீட்டில் மாமனார் படுத்த படுக்கையாம், இந்தக் கஞ்சியைக் கொடுத்தால் வாந்தி எடுக்கிறாராம். எல்லோரும் கடைக்காரரைத் திட்டினார்கள். மீன்காரக்கா மட்டும் திட்டவில்லை. யோசித்துக்கொண்டே நின்றவள் சட்டென்று சொன்னாள்.

"இன்னாத்துக்கு இவன்கிட்ட கத்திகினு? அந்த சப்ளை ஆபீசரை நம்ம சந்துக்கு சாப்ட கூப்டுவோம்."

எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"மெய்யாத்தான் சொல்றேன். பந்தி போடுவோம். ஆபீசரு, கவுன்சிலரு, மாதா கோயில் சாமியாரு அல்லாரையும் குந்த வெச்சி, இதே அரிசிய வடிச்சி எலைல போடுவோம். துன்னு பாக்கட்டும். மனு குடுத்தா படிக்கிறாங்களோ இன்னாவோ. எலைல போட்டா வாய தொறந்துதான ஆவணும்?"

கியூவில் சிரிப்பு எழுந்தது. அழுதுகொண்டிருந்த பெண்ணும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கடைக்காரர் சிரிக்கவில்லை.

மறுவாரமே நானும் மீன்காரக்காவும் சப்ளை ஆபீசுக்குப் போனோம். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் என்பதால் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். போகிற வழியெல்லாம், "நீ ஒயுங்கா பேசு. நான் வாய தொறந்தா காரியம் கெட்டுப்பூடும்," என்று எனக்குப் பாடம் நடத்தினாள். ஆபீசர் மெலிந்த இளைஞர். கண்ணாடி போட்டிருந்தார், சட்டைக் காலர் கிழிந்து தைக்கப்பட்டிருந்தது. நான் எழுந்து நின்று, எங்கள் சந்தில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு ஒரு பொதுக்கூட்டம், ரேஷன் அரிசியைப் பற்றி, தாங்கள் வந்து சாப்பிட வேண்டும் என்றேன்.

"கூட்டமா, சாப்பாடா?" என்று கேட்டார்.

"ரெண்டுந்தான் சார்."

"என்ன சாப்பாடு?"

நான் பதில் தேடுவதற்குள் மீன்காரக்கா முந்திக்கொண்டாள். "நீங்க குடுத்த அரிசிதான் நைனா. வேற இன்னா கீது எங்களாண்ட?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "சரி, வர்றேன்," என்றார். வெளியே வந்ததும் மீன்காரக்கா, "வரமாட்டான் பாரு. மொகத்துலயே தெரியுது," என்றாள். எனக்கு வருவார் என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று சொல்லத் தெரியவில்லை.

சந்து முழுக்கத் திருவிழாக் களை வந்துவிட்டது. மீன்பிடிக்கப் போகிறவர்கள் பழைய பாய்மரத் துணியைக் கொண்டுவந்து இரண்டு பக்க வீடுகளுக்கும் நடுவே பந்தலாகக் கட்டினார்கள். சங்கத்திலிருந்து பெஞ்சும் மைக் செட்டும் கொடுத்தார்கள். கோயிலிலிருந்து பெரிய டேக்சாவும் கரண்டியும் வந்தன. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கை அரிசி என்று முதலில் பேச்சு. பிறகு, அப்படி எடுத்தால் அவரவர் புடைத்து, பொறுக்கி வைத்த அரிசியாகிவிடும் என்று, அந்த வாரம் வந்த ஒரு மூட்டையைக் கடைக்காரரிடமிருந்தே எல்லோர் கணக்கிலும் சேர்த்து வாங்கி, பிரிக்காமல் சந்துக்குக் கொண்டுவந்தோம்.

ஒரே ஒரு தகராறுதான். பந்தியில் சோறும் உப்பும் தவிர வேறு எதுவும் கிடையாது என்றாள் மீன்காரக்கா. குழம்பு ஊற்றினால் வாடை தெரியாமல் போய்விடும். அது சரியான பேச்சுத்தான். ஆனால் என் மாமியாரால் அதைத் தாங்க முடியவில்லை.

"விருந்துன்னு கூப்ட்டு வெறுஞ்சோறு போடுவியா? எம் பேரு இன்னாத்துக்கு ஆவும்?"

"அய்ய, இது விருந்து இல்ல. போராட்டம்."

"எலை போட்டா விருந்துதான்."

கடைசியில் யார் வடிப்பது என்ற கேள்வி வந்தபோது, வேறு யாருக்கும் அவ்வளவு பெரிய டேக்சாவில் வடித்துப் பழக்கமில்லை. மாமியார்தான் வடிக்க வேண்டும் என்று முடிவானது. அந்த முடிவு எப்படிப்பட்டது என்று அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம் நேராக எங்கள் சந்துக்கு வந்தது. புளியந்தோப்பிலிருந்து மீன்காரக்காவின் வாடிக்கைக்காரப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். அவர்கள் பக்கத்து ரேஷன் கடையிலும் இதே கதைதான் என்று கேள்விப்பட்டு அவளே கூப்பிட்டிருந்தாள். சாமியார் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கவுன்சிலர் ஆளனுப்பி, தனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். கடைக்காரர் வந்து, பந்தலுக்கு வெளியே ஒரு கம்பத்தில் சாய்ந்து நின்றார். வெயில் ஏறியபோது சைக்கிள் மணி கேட்டது. ஆபீசர் தனியாக, வேட்டி சட்டையில், வியர்த்து வழிய வந்து இறங்கினார்.

என்னைப் பேசச் சொன்னார்கள். எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மைக்கின் முன்னால் நின்றதும் என் குரல் ஸ்பீக்கரில் எனக்கே கேட்டது. அந்த அதிர்ச்சியில் பாதி மறந்துபோனது. "எல்லாருக்கும் வணக்கம். இந்த அரிசி... இந்த அரிசியை நாங்க..." என்று இரண்டு முறை ஆரம்பித்து நின்றேன். மீன்காரக்கா மைக்கைப் பிடுங்கி, "இன்னா பேசறது? துன்னு பாருங்க, தெரியும். எலை போடுங்கம்மா!" என்றாள். கைதட்டல் வானைப் பிளந்தது. என் கணவர் தூரத்தில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அவமானமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

இலை போட்டாயிற்று. முதல் வரிசையில் ஆபீசர், அவர் பக்கத்தில் சாமியார். சந்தே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. என் மாமியார் டேக்சாவின் மூடியை எடுத்தார். ஆவி எழுந்தது. நான் மூக்கைச் சுளிக்கத் தயாராக இருந்தேன். சுளிக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. நல்ல சோற்றின் மணம் வந்தது.

இலையில் விழுந்த சோறு உதிரி உதிரியாக இருந்தது. கொஞ்சம் பழுப்பு, அவ்வளவுதான். ஆபீசர் உப்பைத் தொட்டு ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். மென்றார். இன்னொரு கவளம் எடுத்தார். அடுத்தது. யாரையும் பார்க்காமல், தலை குனிந்து, முழுச் சோற்றையும் சாப்பிட்டு முடித்தார். பிறகு நிமிர்ந்து, கொஞ்சம் வெட்கத்தோடு, "இன்னும் கொஞ்சம் போடறீங்களாம்மா?" என்று என் மாமியாரிடம் கேட்டார்.

மாமியாரின் முகத்தைப் பார்க்க வேண்டும்! அப்படி ஒரு மலர்ச்சி. "துன்னு கண்ணு, துன்னு," என்று கரண்டி நிறைய அள்ளிப் போட்டார்.

மீன்காரக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். கம்பத்தில் சாய்ந்திருந்த கடைக்காரர் நிமிர்ந்து நின்றார். "நான் அப்பவே சொன்னேனே. அரிசியில ஒண்ணும் கோளாறு இல்ல," என்றார் சத்தமாக. கூட்டத்தில் முணுமுணுப்பு. புளியந்தோப்பிலிருந்து வந்த ஒரு பெண், "இதுக்கா எங்கள இம்மாந்தூரம் நடக்க வெச்சே?" என்று மீன்காரக்காவிடம் கேட்டாள்.

மீன்காரக்கா நேராக என் மாமியாரிடம் போனாள். "இன்னா பண்ணே? அல்லார் முன்னாடியும் சொல்லு. இன்னா பண்ணே இந்த அரிசிய?"

"இன்னா பண்ணேன்? வடிச்சேன்."

"வடிச்சா இப்டி வராது. எனக்குத் தெரியாதா? என் வூட்லயும் இதே மூட்டதான் வேவுது."

மாமியார் கரண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். வற்புறுத்திய பிறகு மெல்ல வந்தது. ராத்திரி நாங்கள் தூங்கிய பிறகு மூட்டையைப் பிரித்து, கோயில் திண்ணையில் இரண்டு மூன்று பேரை உட்காரவைத்துப் பொறுக்கியிருக்கிறார். விடியற்காலை குழாயில் தண்ணீர் வந்ததும் உப்புப் போட்டுத் தேய்த்து, தண்ணீர் தெளிகிறவரை அலசியிருக்கிறார். முதல் கொதியின் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றியிருக்கிறார். துணியில் அடுப்புக்கரியைக் கட்டி உலையில் போட்டு எடுத்து, கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிந்திருக்கிறார். சந்தின் அன்றைய குழாய்த் தண்ணீரில் பாதி அந்த அரிசிக்கே போயிருந்தது. காலையில் தண்ணீர் ஏன் சீக்கிரம் தீர்ந்துபோனது என்று எங்களுக்கெல்லாம் அப்போதுதான் விளங்கியது.

"ஏன்க்கா, போராட்டம்னு சொன்னேனா இல்லியா?" மீன்காரக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"வூட்டுக்கு வந்தவனுக்கு நாத்தம் புடிச்ச சோறு போட என் கை வரல. நான் இன்னா பண்ணட்டும்?"

அதைக் கேட்டு யாரோ சிரித்தார்கள். சாமியார்தான் என்று நினைக்கிறேன். அதன் பிறகு சந்தே சிரித்தது. மீன்காரக்கா மட்டும் சிரிக்காமல் மூட்டையின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அடியில் இன்னும் பொறுக்காத அரிசி இருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆபீசர் முன்னால் போய் நின்றாள்.

"நைனா, நீ இன்னும் கொஞ்ச நேரம் குந்து. நான் வடிக்கிறேன். காலைல மீனுக்குப் போய் மத்தியானம் வூட்டுக்கு வர பொம்பள எப்டி வடிப்பாளோ அப்டி வடிக்கிறேன். அதையும் துன்னுட்டுப் போ."

ஆபீசர் மணி பார்ப்பார், எழுந்துவிடுவார் என்று நினைத்தோம். அவர் கை கழுவிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "இருக்கேன்," என்றார்.

அவள் வீட்டு மரத்தூள் அடுப்பை வெளியே எடுத்து வைத்தாள். மூட்டையிலிருந்து அரிசியை அள்ளி முறத்தில் நாலு தட்டுத் தட்டினாள். இரண்டு தண்ணீரில் கழுவினாள். உலையில் போட்டாள். அரிசி வேகும்வரை எல்லோரும் காத்திருந்தோம். அந்த நேரத்தில்தான் அன்றைய கூட்டம் உண்மையிலேயே கூட்டமானது. யாரும் மைக்கைத் தொடவில்லை. கியூவில் அழுத பெண் ஆபீசரிடம் போய்த் தன் மாமனாரைப் பற்றிச் சொன்னாள். புளியந்தோப்புப் பெண் ஒருத்தி, தங்கள் கடை வாரத்தில் ஒருநாள்தான் திறக்கிறது, அன்றைக்குக் கூலி வேலைக்குப் போனால் அரிசி போய்விடும், அரிசிக்கு நின்றால் கூலி போய்விடும் என்றாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் ஒருமுறை, "நான் மெஸ்ல சாப்பிடறேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் மெஸ் கிடையாது. அதனாலதான் அந்தச் சோறு..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். என் மாமியார் அவர் தோளைத் தட்டினார்.

அதற்குள் வாடை கிளம்பிவிட்டது. பாய்மரத் துணிக்குக் கீழே அது அடைத்துக்கொண்டு நின்றது. சாமியார் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். கடைக்காரர் மறுபடியும் கம்பத்தில் சாய்ந்துகொண்டார்.

இரண்டாவது இலை போடப்பட்டது. சோறு களியாகவும் இல்லை, உதிரியாகவும் இல்லை. ஆபீசர் ஒரு கவளம் எடுத்தார். மென்றார். கல் கடிபட்ட சத்தம் எனக்குக் கேட்டது. விழுங்கினார். இரண்டாவது கவளத்தை எடுத்து வாய்வரை கொண்டுபோய் இலையிலேயே வைத்துவிட்டார்.

"இது அதே அரிசிதானா?" என்று கேட்டார்.

"அதே மூட்டதான் நைனா. நீயே பாத்தியே."

அவர் எழுந்து மூட்டையின் பக்கம் போனார். கையைவிட்டு அரிசியை அள்ளி முகர்ந்தார். பிறகு கடைக்காரரைக் கூப்பிட்டு அவரிடமும் அள்ளிக் கொடுத்தார். கடைக்காரர் முகர்ந்து பார்த்துவிட்டு, முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்லயும் இதான் சார். என் சம்சாரம் தினம் என்னைத் திட்டுறா," என்றார். அதை அவர் நாங்கள் திட்டிய அன்றே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லையோ!

ஆபீசர் மைக்கில் எதுவும் பேசவில்லை. சைக்கிளை எடுப்பதற்கு முன்னால் எங்களிடம் வந்து, "குடோன்ல போய்ப் பார்க்கிறேன். என்னால எவ்வளவு முடியும்னு தெரியல. ஆனா பார்க்கிறேன்," என்றார். ஒரு பொட்டலம் அரிசியை மடித்து எடுத்துக்கொண்டார். மாமியார் அவரை நிறுத்தி, அவசரமாக வீட்டுக்குள் போய், எங்கள் பங்குக்கு வைத்திருந்த மீன் குழம்பில் கொஞ்சம் தூக்குச் சட்டியில் ஊற்றிக் கொடுத்தார். மீன்காரக்கா அதைப் பார்த்துவிட்டு, "இப்ப மட்டும் கொயம்பு குடுக்கலாமா?" என்று முறைத்தாள். "போராட்டம் முடிஞ்சிப் போச்சில்ல?" என்றார் மாமியார்.

குடோனில் என்ன நடந்தது என்று எங்களுக்கு முழுசாகத் தெரியாது. நனைந்துபோன ஒரு லாட் அரிசியை வெயிலில் காயவைத்து நல்ல மூட்டைகளோடு கலந்து அனுப்பிக்கொண்டிருந்தார்களாம். மேலே பலரோடு அவர் மோத வேண்டியிருந்தது என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். அடுத்த ரேஷனில் வந்த அரிசி முதல் தரம் இல்லை, ஆனால் வாடை இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், அவர் எங்களுக்கு ஒரு வழி செய்து கொடுத்ததுதான். ரேஷன் போடுகிற நாளன்று மூட்டையைக் கடைக்கு வெளியே, தெருவில், எல்லோர் முன்னாலும்தான் பிரிக்க வேண்டும். கியூவில் நிற்கிற பெண்கள் கையைவிட்டுப் பார்க்கலாம். சரியில்லை என்றால் அந்த மூட்டை திரும்பிப் போக வேண்டும். புளியந்தோப்புக் கடை வாரத்தில் ஒருநாள் சாயங்காலமும் திறந்தது.

எங்கள் சந்தில் அது பழக்கமாகிவிட்டது. மூட்டை பிரிக்கிற நாளில் யாராவது ஒருத்தி அங்கேயே அடுப்பு வைத்து ஒரு பானை வடிப்பாள். வந்தவர்களெல்லாம் ஆளுக்கு ஒரு வாய் சாப்பிட்டுப் பார்ப்பார்கள். பிற்பாடு ஒரு குழம்பும் சேர்ந்தது, ஒரு துவையலும் சேர்ந்தது. ஹார்பரில் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள், கட்டை வண்டிக்காரர்கள், வேலை கிடைக்காமல் திரும்புகிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். திருவொற்றியூரிலிருந்து கம்பெனித் தொழிலாளிகளின் வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் தெருவிலும் தொடங்கினார்கள்.

புளியந்தோப்பில் முதல் பானை வைத்தபோது எங்கள் சந்துக்கு அழைப்பு வந்தது. ஆடுமாடு வெட்டுகிற இடத்துக்குப் பக்கத்துக் குடியிருப்பு அது. எங்கள் சந்தில் சில வீடுகளில் தயங்கினார்கள். போகலாம், கூட்டத்தில் நிற்கலாம், ஆனால் அங்கே சாப்பிடுவது எப்படி என்று மெல்லிய குரலில் பேசிக்கொண்டார்கள். கிறிஸ்துவ வேதத்தில் சேர்ந்து தலைமுறைகள் ஆனவர்களுக்குள்ளும் அந்தச் சாதிப் பேச்சு இருந்தது. ஒரு பெண் என் மாமியாரிடமே வந்து, "நீங்க அங்க துன்னுவீங்களா?" என்று கேட்டாள்.

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அவங்க நம்ம சந்துக்கு வந்து நான் வடிச்சத துன்னாங்களா இல்லியா? அப்புறம் இன்னா கேள்வி இது? அங்க வடிக்கிற பொம்பள எப்டி வடிக்கிறான்னு நான் போய்ப் பாத்தே ஆவணும்."

போனோம். என் கணவரும் வந்தார். அங்கே வடித்தவள் உயரமான, நரைத்த தலைப் பெண். என் மாமியார் அவள் அடுப்பின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, தண்ணீர் அளவிலிருந்து தீ அளவுவரை பார்த்தார். அவளும் விடவில்லை. "இன்னா பாக்கறீங்க? எங்கூட்ல சோறு கொயயாது," என்றாள். பந்தியில் மாமியார் முதல் வரிசையில் உட்கார்ந்தார். ஒரு கவளம் சாப்பிட்டார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நல்லாத்தான் கீது," என்றார். பிறகு பொறுக்க முடியாமல், "ஒரு கொதி முன்னாடி வடிச்சிருக்கலாம்," என்றார்.

அந்தப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். திரும்பி வரும்போது இரண்டு பேரும் பாதி வழிவரை பேசிக்கொண்டே நடந்தார்கள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் அவள் வந்தாள், அவள் வீட்டு விசேஷத்துக்கு நாங்கள் போனோம். என் மூத்த மகள் பிறந்தபோது மாமியாருக்கு உடம்பு முடியவில்லை. எனக்குப் பத்தியச் சோறு வடித்துப் போட்டது அந்தப் பெண்தான். அவள் வடித்ததைச் சாப்பிட்டுவிட்டு நான் ஒருமுறை, "அத்தை வடிக்கிறதவிட நல்லா இருக்கு," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். படுத்திருந்த மாமியார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சாயங்காலம்வரை பேசவில்லை.

ஆபீசருக்கு மாற்றலானது. போவதற்கு முன்னால் ஒருநாள் அவர் சந்துக்கு வந்தார். வாசலில் நின்று, "சாப்பிட்டுப் போகலாம்னு வந்தேன்," என்றார். அன்று வீட்டில் அரிசி குறைவு. மீன்காரக்கா வீட்டிலிருந்து இரண்டு ஆழாக்கு வந்தது, சாமியார் வீட்டுச் சமையல்காரர் ஒரு முட்டை கொடுத்தனுப்பினார். சின்னப் பானையில் மாமியார் வடித்தார். ஆபீசர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமியார் விசிறிக்கொண்டே, "கல்யாணம் பண்ணிக்கோ கண்ணு. எத்தினி நாளைக்கு மெஸ்லயே துன்னுவே?" என்று அறிவுரை சொன்னார். அவர் தலையாட்டினார். எந்த ஊருக்குப் போனார், கல்யாணம் செய்துகொண்டாரா, எதுவும் எங்களுக்குத் தெரியாது.

புதிதாக வந்தவர் மூட்டையைக் கடைக்குள்ளேயே பிரிக்கச் சொன்னார். மீன்காரக்காவும் மற்றவர்களும் போய்ச் சண்டை போட்டு அதை மறுபடி தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருஷங்களில் மழை நன்றாகப் பெய்தது, அரிசி வரத்துக் கூடியது, ரேஷனில் வருவதும் சுமாராக இருந்தது. சந்தில் அடுப்பு வைப்பது மாதம் ஒருமுறையாகி, பிறகு யாருக்காவது தோன்றும்போது என்று ஆனது. யாரும் அதை நிறுத்தவில்லை, அது தானாக ஓய்ந்தது. பந்தலுக்குக் கட்டிய பாய்மரத் துணியை வைத்திருந்தவர்கள் அதைக் கிழித்து ஆளுக்கொரு துண்டாகக் கூரைக்குப் போட்டுக்கொண்டார்கள்.

மாமியார் எழுபதுகளின் கடைசியில் போனார். அடக்கம் முடிந்த மத்தியானம் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சோறு வடிக்க வேண்டியிருந்தது. நான் எழுந்தேன். மீன்காரக்கா என்னைக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "நீ குந்து மருமவளே," என்றாள். அடுப்பின் பக்கம் அவளும், புளியந்தோப்பில் வடித்த அந்த நரைத்த தலைப் பெண்ணும் நின்றார்கள். இன்னும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று ஒருத்தியும், போதும் என்று ஒருத்தியும், உள்ளே இருக்கிற எனக்குக் கேட்கும்படி, வெகு நேரம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.